வேலைக்கேற்ற நிரல்மொழி: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

பைதான் மொழியில் 2.5 என்னும் எண்ணை முழு எண்ணாக்கித் தரும்படி அதன் ‘ரவுண்ட்’ கட்டளையைக் கேட்டால் 2 என்று விடை வரும், 3.5ஐக் கொடுத்தால் 4 என்று வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது புள்ளியியலில் உள்ள ஒரு வழக்கம். ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாமல் அது தடுக்கிறது. ஆனால் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஐம்பது காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும் என்றும் சொல்கிறது. மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த பில் போடும் நிரலில் இந்த வேறுபாடு மூன்று மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. கணக்குப்பிள்ளை கையால் போட்ட வரித்தொகைக்கும் கணினி போட்ட தொகைக்கும் சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் இடித்தது. தவறு பைதானுடையது அன்று. டெசிமல் என்னும் பகுதியைப் பயன்படுத்தி, பாதியை மேலே ஏற்றும்படி நான்தான் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். அதே கணக்கை ஜாவாவிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதியிருந்தால், அவற்றின் ரவுண்ட் கட்டளை 2.5ஐத் தானாகவே 3 ஆக்கியிருக்கும். ஆனால் திரும்பி வந்த சரக்குக்குக் கழிவு போடும்போது −2.5 வந்தால் அவ்விரண்டும் −2 என்று சொல்லி என்னை வேறொரு பள்ளத்தில் தள்ளியிருக்கும்.

நிரல்மொழிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையோ, வேலைவாய்ப்பையோ, கற்பதற்கு எவ்வளவு எளிது என்பதையோ வைத்தே மதிப்பிடுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளாகக் கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்து, பிறகு அவற்றைப் பராமரிக்கவும் செய்கிற எனக்கு இந்த அளவுகோல்கள் போதவில்லை. நான் இரண்டு மாதத்தில் எழுதி முடிக்கும் நிரல், என் பார்வைக்கு எட்டாத ஒரு கணினியில், என்னைப் போல நிரல் தெரிந்தவர் எவரும் அருகில் இல்லாமல், ஆறேழு ஆண்டுகள் ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒப்படைத்த மறுநாளிலிருந்து ஒரு மொழி எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறேன். சம்பளத்துக்காக மொழி கற்க விரும்புவோருக்கு இந்த மதிப்புரை அவ்வளவாகப் பயன்படாது.

முதலில் பைதானின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நூற்பாலையில் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவான மின்மீட்டர் அளவீடுகளை ஓராண்டுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 அளவீடுகள் என்றால் ஆண்டுக்கு 35,040; நாற்பது மீட்டர்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் வரிசைகள் ஆகின்றன. ஓர் எக்செல் தாள் 10,48,576 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது என்பதால் ஆலையின் மின்பிரிவினர் ஆண்டைப் பல கோப்புகளாக உடைத்து வைத்திருந்தார்கள். பைதானில், பாண்டாஸ் என்னும் லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) கொண்டு, அத்தனையையும் ஒன்றுசேர்த்து, எந்தப் பிரிவு எந்த மணியில் மின்சாரத்தை அதிகம் இழுக்கிறது என்று காட்டும் நிரல் முப்பது வரிகளில் முடிந்தது. கேள்வி மாறும்போதெல்லாம் இரண்டு வரிகளை மாற்றி உடனே மறுவிடை பெற முடிந்தது. இவ்வகை வேலைக்கு, அதாவது விடையைத் தேடும்போதுதான் கேள்வியே உருவாகும் வேலைக்கு, பைதானைவிடப் பொருத்தமான மொழியை நான் கண்டதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குய்டோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைதான், தன்னளவில் மெதுவான மொழி. பாண்டாஸும் அதற்கு அடிப்படையான நம்பை என்னும் லைப்ரரியும் விரைவாக ஓடுவதற்குக் காரணம், அவற்றின் உள்ளே கணக்கைச் செய்வது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட நிரல் என்பதே. நேரியல் இயற்கணிதப் பகுதிகளில் 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானின் மரபுகூட இன்னும் உயிரோடு இருக்கிறது. பைதான் அங்கே கணக்குப் போடுவதில்லை. கணக்குப் போடுவோரை வேலை வாங்குகிறது. நான் முதல் முயற்சியில் பழைய பழக்கத்தால் ஒவ்வொரு வரிசையையும் சுழற்சியில் எடுத்துக் கூட்டியபோது தேநீர் குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் ஆயிற்று. அதே கூட்டலைப் பாண்டாஸிடமே விட்டபோது சில நொடிகளில் முடிந்தது.

ஆனால் ஒப்படைக்கும் நாள் வந்தபோது கதை மாறியது. பைதான் நிரலை ஓட்ட, அந்தக் கணினியில் பைதான் இருக்க வேண்டும். அதுவும் சரியான பதிப்பில் இருக்க வேண்டும். அதனுடன் நான் பயன்படுத்திய ஒவ்வொரு லைப்ரரியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் பதிப்புகளில் இருக்க வேண்டும். 2008இல் வெளிவந்த மூன்றாம் பைதான், இரண்டாம் பைதானின் நிரல்களோடு ஒத்துப்போகாமல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடியும் வரை, பதினோரு ஆண்டுகள் அளவுக்கு உலகம் இரண்டு பைதான்களோடு குடும்பம் நடத்தியது. 2023இல் வந்த டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில், கணினியின் சொந்தப் பைதானுக்குள் நேரடியாக லைப்ரரி நிறுவ முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. அது நல்ல காரணத்துக்காகச் செய்யப்பட்டது என்றாலும், என் பழைய நிறுவல் குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆலை ஊழியருக்கு அதைத் தொலைபேசியில் விளக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஒரே நேரத்தில் கணினிச் சில்லின் பல கோர்களைப் பயன்படுத்த விடாத பைதானின் உட்பூட்டும் நெடுங்காலக் குறை. பூட்டில்லாத வடிவம் 2024இல் 3.13ஆம் பதிப்பில் சோதனை முயற்சியாக வந்து, 2025இல் 3.14இல் முறையான ஆதரவைப் பெற்றிருக்கிறது. என் கணினியிலோ நானே பார்த்துக்கொள்ளும் சர்வரிலோ ஓடும் வேலைக்குத் தயங்காமல் பைதானை எடுப்பேன். பிறர் கணினியில் போய் உட்கார வேண்டிய நிரலுக்கு இப்போது அதை எடுப்பதில்லை.

அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஓர் எடைமேடை. சரக்கு லாரிகளை எடைபோடும் அந்த இடத்தில், எடை காட்டும் கருவியிலிருந்து ஒரு கம்பி வழியாக எண்ணை வாங்கி, லாரி எண்ணோடு சேர்த்துப் பதிந்து, சீட்டு அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைதானில் பத்து நாட்களில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், அங்கிருந்த கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் ஓடாது, 3.8தான் கடைசி. நான் பயன்படுத்திய லைப்ரரிகளில் ஒன்றோ புதிய பைதானைக் கேட்டது. புதிய கணினி வாங்குங்கள் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. வாங்கும் நிலையில் எடைமேடை உரிமையாளரும் இல்லை. திரும்பி வந்து முழு நிரலையும் கோ மொழியில் எழுதினேன்.

கோ, கூகுளில் ராபர்ட் கிரீசமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் 2007இல் வடிவமைக்கத் தொடங்கி, 2009 நவம்பரில் வெளியிடப்பட்ட மொழி. தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்பதை மொழியின் சிக்கனத்திலேயே உணரலாம். இதில் எழுதிய நிரல் ஒரே கோப்பாக வெளிவருகிறது; எதையும் நிறுவ வேண்டியதில்லை; பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டு முறை சொடுக்கினால் ஓடும். லினக்ஸ் கணினியில் உட்கார்ந்துகொண்டே விண்டோஸுக்கான கோப்பை உருவாக்கலாம். 2012 மார்ச்சில் முதல் முழுப் பதிப்பு வந்தபோது, அதற்கு எழுதப்பட்ட நிரல்கள் அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். என் அனுபவத்தில் அந்த வாக்கை நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள். சர்வர்களில் நிரல்களைப் பொதிந்து ஓட்ட உதவும் டாக்கரும் குபர்னெட்டீஸும் இதில் எழுதப்பட்டவை என்பதால் சர்வர் உலகில் இதன் உறுதியைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல்முறை பென்டிரைவில் கொண்டுபோன கோப்பு திறக்கவே இல்லை. கோ 1.21 முதல் விண்டோஸ் 10 தேவை; விண்டோஸ் 7இல் ஓடும் கோப்பை உருவாக்க வல்ல கடைசிப் பதிப்பு 1.20. அந்தப் பதிப்பை இறக்கி மறுபடி உருவாக்கியதும், ஒரு வரி மாற்றமில்லாமல் ஓடியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1.20க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பது உறுத்தலாகவே இருந்தாலும், அந்தக் கணினி இணையத்தில் இணைக்கப்படாதது என்பதால் ஏற்றுக்கொண்டேன். தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தை இணைத்தபோதும் ஒரு சிறு தடுமாற்றம் நேர்ந்தது: நான் முதலில் தேர்ந்த லைப்ரரிக்குச் சி கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றும் கருவி) தேவைப்பட்டதால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு உருவாக்கும் வசதி போய்விட்டது, முழுக்கக் கோவிலேயே அமைந்த வேறொன்றுக்கு மாறிய பிறகே அது திரும்பி வந்தது.

கோவின் குறைகளும் கண்ணில் படுபவையே. ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ‘பிழை நேர்ந்ததா’ என்று கேட்டு எழுத வேண்டியிருப்பதால், என் எடைமேடை நிரலில் நாலில் ஒரு பங்கு வரிகள் அந்தக் கேள்வியாகவே இருக்கின்றன. முதலில் எரிச்சலாக இருந்தது. கம்பி கழன்றால், அச்சுப்பொறியில் தாள் தீர்ந்தால், வட்டு நிறைந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க அது கட்டாயப்படுத்தியதை ஆறு மாதம் கழித்து, எனக்குத் தொலைபேசி அழைப்பே வராதபோதுதான் உணர்ந்தேன். தேதியை அச்சிடும் வடிவத்தைச் சொல்ல 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி என்னும் ஒரு குறிப்பிட்ட கணத்தை மாதிரியாக எழுதிக்காட்ட வேண்டும் என்ற விசித்திரத்தை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. விண்டோஸ் திரைகள், பொத்தான்கள் வரைவதற்கும் இது ஏற்ற மொழி அன்று. நான் திரையைப் பிரவுசரில் காட்டித் தப்பித்துக்கொண்டேன்.

பிரவுசர் என்றதும் ஜாவாஸ்கிரிப்ட் வந்துவிடுகிறது. பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாட்களில் உருவாக்கிய மொழி இது. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. இதில் வழக்கமான எண் என்பது ஒரே வகைதான். அது 9,00,71,99,25,47,40,991 வரையிலான முழு எண்களைத்தான் பிழையின்றித் தாங்கும். ஒரு சரக்கு அனுப்பும் சேவையிலிருந்து வந்த 18 இலக்கப் பதிவு எண்ணை அப்படியே எண்ணாக வாங்கியபோது கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாகிவிட்டன. அடுத்தவருடைய பொட்டலம் எங்கிருக்கிறது என்பதை என் வாடிக்கையாளருக்குக் காட்டியது நிரல். ட்விட்டரும் இதே இடரைச் சந்தித்துத்தான் 2010இல் தன் பதிவு எண்களை எழுத்துத் தொடராகவும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. பிக்இன்ட் என்னும் தனிவகை எண் 2020இல் தரநிலைக்குள் வந்துவிட்டது என்றாலும், வெளியிலிருந்து வரும் தரவை இயல்பாகப் படிக்கும்போது பழைய வகையே வந்து நிற்கும்.

பிரவுசருக்குள் நேரடியாக ஓடும் மொழி என்பதால் இதை ஒதுக்கவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டை இதன்மேல் அணிந்துகொள்வதே என் பரிந்துரை. எந்த மாறியில் (தரவை வைக்கும் பெயரிட்ட இடத்தில்) என்ன வகைத் தரவு வரும் என்பதை எழுதும்போதே சரிபார்த்துவிடுவதால், ஆறு மாதம் கழித்து என் நிரலை நானே திறக்கும்போது அந்நியமாகத் தெரிவதில்லை. வெளி லைப்ரரிகளை மட்டும் எண்ணிச் சேர்க்க வேண்டும். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்னும் பதினோரு வரி லைப்ரரியை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டபோது, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற நிரல்கள் உலகெங்கும் உருவாக்க நிலையிலேயே நின்றன. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதைத் தவிர அந்த லைப்ரரி வேறொன்றும் செய்யவில்லை.

டைப்ஸ்கிரிப்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வேலைக்கேற்ற மொழியைத் தேர்வது என்றால் என்ன என்பதற்கு அண்மையில் நான் கண்ட நல்ல எடுத்துக்காட்டு அது. டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பெரிய திட்டங்களில் அது மெதுவாக இருந்தது. 2025 மார்ச்சில் அதை வேறொரு மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவரும் அவரே, வேலை பார்ப்பதும் மைக்ரோசாஃப்டில். ஆயினும் அவர் எடுத்தது தாம் பெற்ற சி ஷார்ப்பை அன்று. பலர் எதிர்பார்த்த ரஸ்ட் மொழியையும் அன்று. போட்டி நிறுவனமான கூகுளின் கோவை எடுத்தார். பழைய கம்பைலரில் தரவு உறுப்புகள் ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ரஸ்டில் அப்படியே எழுத முடியாது, வடிவத்தையே மாற்ற வேண்டும். கோவிலோ பழைய நிரலின் அமைப்பைக் குலைக்காமல் பெயர்த்து வைக்கலாம். வேலை முடிந்த நினைவகத்தை விடுவித்துத் துப்புரவு செய்வதையும் மொழியே பார்த்துக்கொள்ளும். விஎஸ் கோடு என்னும் நிரல் எழுதும் செயலியின் மூலநிரலைச் சரிபார்க்க முன்பு 77.8 நொடிகள் ஆனது, 7.5 நொடிகளாகக் குறைந்தது. எது சிறந்த மொழி என்று சமூக ஊடகங்களில் சண்டை நடந்தபோது, எங்கள் கையில் ஏற்கெனவே உள்ள நிரலுக்கு எது ஒத்துப்போகும் என்று மட்டும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

தமிழில் சீட்டு அச்சடிக்க வேண்டியவர்கள் மொழி தேர்வதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று ஒவ்வொரு மொழியையும் கேட்க வேண்டும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 5 என்று சொல்லும். இகரக் கொக்கியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். கோ, ரஸ்ட், பிஎச்பி ஆகியவற்றில் சாதாரணமாக நீளம் கேட்கும் கட்டளை 15 என்று சொல்லும். அவை எண்ணுவது பைட்டுகளை, நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். இங்கே நான் பேசும் மொழிகளில் ஆப்பிள் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மட்டுமே, கேட்ட மாத்திரத்தில் 3 என்று நம் பள்ளிக்கூட விடையைச் சொல்கிறது. (‘ஸ்ரீ’ என்பதை அதுவும் இரண்டாகத்தான் எண்ணும், குறை சொல்ல ஏதாவது வேண்டுமல்லவா.) இது வேடிக்கைக்கான சோதனை அன்று. அச்சுச் சீட்டின் அகலத்துக்குள் அடக்கச் சரக்கின் பெயரை வெட்டும்போது, நான்கு குறியீடுகளில் வெட்டினால் ‘தமிழ்’ புள்ளியிழந்து ‘தமிழ’ ஆகிவிடும். பத்துப் பைட்டுகளில் வெட்டினால் இறுதியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்து நிற்கும். மற்ற மொழிகளிலும் வழி இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது, பைதானில் ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற லைப்ரரி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அகரவரிசையில் இன்னொரு பொறி உண்டு. யூனிகோட் அட்டவணையில் ந என்பதற்கு அடுத்த இடத்திலேயே ன இருப்பதால், எந்த மொழியிலும் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால், மெய்களில் கடைசியாக வர வேண்டிய ன பகரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தபோது இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கடையின் முதலாளியம்மா. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கருவிகளுக்குள் எழுதும் நிரலில் தேர்வுக்கான இடம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஆர்டுயினோ ஊனோவைப் பயன்படுத்தினேன். அதன் சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம். கோ மொழியில் ஒரே ஒரு கோரூட்டீன் (மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் சிறு வேலை) பிறக்கும்போதே தன் அடுக்குக்காகக் கேட்பது 2 கிலோபைட். இங்கே அதுவே முழுச் சொத்து. ஆகவே டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சியும் அதன் வழிவந்த சி பிளஸ் பிளஸும்தான் இயல்பான தேர்வு. சற்றே பெரிய இஎஸ்பி32 சில்லுக்கு 520 கிலோபைட் நினைவகம் இருப்பதால் அதில் மைக்ரோபைதான் நன்றாகவே ஓடுகிறது. மாணவர்களுக்கும் முன்மாதிரிகளுக்கும் அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

சியில் எழுதுவது கைப்பிடியில்லாத மாடியில் வேலை செய்வதைப் போன்றது. பத்து அளவீடுகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவதை எழுதினேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, நிரலும் நிற்கவில்லை, பக்கத்தில் இருந்த மாறியின் மதிப்பு மட்டும் மாறியது. அந்த மாறிதான் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதைக் குறித்து வைத்திருந்தது. தொட்டி வழிந்து மாடிப்படியில் நீர் இறங்கிய பிறகே அழைப்பு வந்தது. இவ்வகைப் பிழை என்னைப் போன்ற சிறியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை: தன் மென்பொருள்களில் அடையாளம் காணப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் தெரிவித்தது.

ரஸ்ட் மொழி இங்கேதான் தன் விலைக்குத் தகுதி பெறுகிறது. கிரேடன் ஹோர் 2006இல் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொஸில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதத்தில் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த இது, ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உரிமையாளர் மட்டுமே இருக்கலாம், பிறர் இரவல்தான் வாங்கலாம் என்னும் ஒழுங்கைக் கம்பைலரின் வழியாகவே நிலைநாட்டுகிறது. எல்லை மீறிய பதினோராவது இடத்தில் எழுத முயன்றால், பக்கத்து வீட்டை இடிக்காமல் அங்கேயே நிரலை நிறுத்திவிடும். 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1இல், அதுவரை சியின் ஆட்சியாக இருந்த இயங்குதளத்தின் மையக் கருவுக்குள் ரஸ்டுக்கும் கதவு திறந்தார்கள். ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், நினைவகம் சார்ந்த பாதுகாப்புக் குறைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்ததாகக் கூகுள் கூறியிருக்கிறது. அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் 2020இல் தன் சேவைகளில் ஒன்றைக் கோவிலிருந்து ரஸ்டுக்கு மாற்றியது. கோவின் நினைவகத் துப்புரவு இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஏற்படுத்திய சிறு தாமதத்தைக்கூட அந்த அளவுப் போக்குவரத்தில் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

என் எடைமேடையில் நாலு நிமிடத்துக்கு ஒரு லாரி வருகிறது. அங்கே அந்தத் தாமதத்தை யாரும் காணப்போவதில்லை. ஆகவே டிஸ்கார்டின் காரணத்தைக் காட்டிப் பில் போடும் நிரலையும் ரஸ்டில் எழுதக் கிளம்பும் இளைஞர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒன்றையொன்று சுட்டும் ஒரு சாதாரணப் பட்டியலை ரஸ்டில் கம்பைலர் ஏற்கும்படி எழுத எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. சியில் அது ஒரு பிற்பகல் வேலை. அந்த இரண்டு வாரங்களில் நிறையக் கற்றுக்கொண்டேன் என்பது உண்மை. அதற்கான கூலியை வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது என்பதும் உண்மை. முன்பு சியையோ சி பிளஸ் பிளஸையோ எடுத்திருப்போம் என்ற இடங்களில் ரஸ்டை எடுக்கலாம். மற்ற இடங்களில் அது விலை மிகுந்த பண்டம்.

ஜாவாவைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. 1995இல் சன் நிறுவனம் வெளியிட்டு, 2010இல் ஆரக்கிளின் கைக்கு மாறிய இம்மொழியில் 2014ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல்கள் இன்றும் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பத்துப் பேருக்கு மேற்பட்ட குழு, பணக்கணக்கு, பத்தாண்டுக்கு மேற்பட்ட ஆயுள் என்ற மூன்றும் சேரும் இடத்தில் நான் ஜாவாவையே சொல்வேன். நினைவகத்தைத் தாராளமாகச் சாப்பிடும் என்பதைச் சர்வர் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு 2017இல் கூகுள் முறையாக ஏற்று, 2019இல் முதன்மைப்படுத்திய கோட்லினும், ஐபோனுக்கு ஸ்விஃப்டும் போதும். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவிட முடியாதவர்கள், படிவம் நிரப்பும் அளவிலான செயலி என்றால், டார்ட் மொழியும் அதற்கான ஃபிளட்டர் கருவித்தொகுப்பும் கொண்டு ஒரே நிரலில் முடித்துக்கொள்ளலாம்.

பிஎச்பியை ஏளனம் செய்வது நிரலாளர்களிடையே ஒரு பொழுதுபோக்கு. கோப்பைச் சர்வரில் நகலெடுத்து வைத்தால் போதும், தளம் ஓடத் தொடங்கிவிடும் என்ற வசதியை மலிவான வாடகை சர்வர்களில் இன்றுவரை இதைப் போலக் கொடுக்கும் மொழி வேறில்லை. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்புக்குப் பின் வேகத்தைப் பற்றிய பழைய புகாரும் பெருமளவு அடங்கிவிட்டது. திருமண மண்டபத்துக்கோ சிறு பள்ளிக்கோ தளம் வேண்டும் என்றால் 2003இல் பிறந்த வேர்ட்பிரஸையும் பிஎச்பியையும் எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல ஒளிப்படங்கள் எடுக்கச் சொல்வேன்.

கடைசியாக, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும், பலரும் நிரல்மொழியாகவே எண்ணாத எஸ்க்யூஎல். ஐபிஎம் ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அறிமுகப்படுத்திய மொழியின் வழி வந்தது இது. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கும் முறை, சுழற்சி எழுதிப் பழகிய கைகளுக்கு முதலில் ஒத்துவராது. எடைமேடையின் மாதாந்தர அறிக்கைக்காக நான் பைதானில் எழுதிய நூற்றைம்பது வரிகளைப் பின்னர் ஒன்பது வரி எஸ்க்யூஎல் வாக்கியமாகச் சுருக்கினேன்; விடையும் முன்னைவிட விரைவாக வந்தது. விண்டோஸ் 7 கணினிக்காக அந்த நிரலைப் பைதானிலிருந்து கோவுக்கு மாற்றியபோது மற்ற எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த ஒன்பது வரிகளை மட்டும் அப்படியே எடுத்து ஒட்டினேன்.